ஏஐ ஏஜெண்டுக்குக் கருவி விளக்கம் எழுதத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். இங்கே ஒரு செம்பனைத் தோட்டத்தின் லோரி எடைக் கணக்குக்கு மென்பொருள் செய்துகொண்டிருக்கிறேன். நிரல் எழுதும் ஏஐ ஏஜெண்டுக்கு எம்சிபி (ஏஐயை வெளி மென்பொருள்களோடு இணைக்கும் பொது நெறிமுறை) வழியாக, அது கூப்பிட்டுப் பயன்படுத்த இரண்டு கருவிகள் கொடுத்தேன். ஒன்று எடையைத் தேடும், மற்றது எடையைத் திருத்தும்.

இரண்டுக்கும் 'எடைப் பதிவுகளைக் கையாளும்' என்றே விளக்கம் எழுதித் தொலைத்தேன். '7ஆம் பிளாக் எடையைச் சரிபார்' என்றால், ஏஜெண்ட் திருத்தும் கருவியைக் கூப்பிட்டுவிட்டது! நல்லவேளை, சோதனைத் தரவு. அதைக் குறை சொல்லவும் முடியாது. கருவியின் பெயரும் விளக்கமும் அளவுருக்களும்தான் (தேதி, எடை என்று கருவிக்குக் கொடுக்க வேண்டிய விவரங்கள்) அதன் கண்ணில் படும். உள்ளே ஓடும் நிரல் தெரியாது. புதிதாக வந்த கிராணியிடம் "அந்தப் புத்தகத்தைப் பாருங்க" என்று மட்டும் சொன்ன கதைதான்.

அப்புறம் தேதி. 03/04 என்றால் நமக்கு ஏப்ரல் 3. அது மார்ச் 4 என்று எடுத்துக்கொண்டது. '2025-04-03 வடிவில் மட்டும்' என்று எழுதியபின் அந்தத் தொல்லை இல்லை. எடை கிலோவில் என்பதையும் சேர்த்தேன்.

சரி, கேள்விக்கு வருகிறேன். 'எப்போது இதைக் கூப்பிடக் கூடாது' என்பதையும் விளக்கத்தில் எழுதுகிறீர்களா? எழுதினால் நீளமாகி டோக்கனை (ஏஐ படிக்கும் எழுத்துத் துண்டுகளை) தின்கிறது. பிழைச் செய்தியிலேயே 'பார்க்க மட்டும் என்றால் தேடும் கருவியைக் கூப்பிடு' என்று வழிகாட்டினால் போதுமா? நீங்கள் எழுதிய விளக்கம் ஒன்றைக் கீழே ஒட்டினால் புண்ணியமாகப் போகும்.