ரீசெட்டுக்குத் தமிழ் என்ன? திங்கள் காலைக்குள் வேண்டும்

திருச்சியிலிருந்து, வெள்ளி இரவு

குழுவினருக்கு வணக்கம். வீட்டு ரவுட்டருக்கான எட்டுப் பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கள் காலை அச்சுக்குப் போகிறது. திசைவி (ரவுட்டர்), அருகலை (வைஃபை), நிலைபொருள் (ஃபர்ம்வேர்), கடவுச்சொல் எல்லாம் முடிந்துவிட்டன. தயவுசெய்து அவற்றைக் கிளற வேண்டாம். சிக்கல் ரீசெட்டில்தான்.

ரீஸ்டார்ட் என்றால் மின்சாரத்தை நிறுத்திப் போடுவது. வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் ஃபிளாஷ் நினைவகத்தில் இருப்பதால் அப்படியே இருக்கும். ரீசெட் அப்படியல்ல. பின்பக்கத் துளையில் ஊசியை விட்டுப் பத்து விநாடி போல அழுத்தினால் நாம் அமைத்தது அத்தனையும் போய்விடும். அடியில் ஒட்டிய தாளில் அச்சிட்டிருக்கும் பெயரும் கடவுச்சொல்லும்தான் திரும்ப வரும். இதற்கு நாம் "மீட்டமை" என்று எழுதி வருகிறோம்.

போன மாதம் வீட்டில் இணையம் நின்றபோது, அப்பா கைபேசியில் "மீட்டமை" என்று படித்துவிட்டு ஊசியை எடுத்தார். "போனதை மீட்டுத் தரும்னுதானே போட்டிருக்கு?" என்றார். அடகு நகை மாதிரி. இணைய நிறுவனம் உள்நுழையத் தந்த பிபிபிஓஇ பயனர் பெயரும் அழிந்தது; அதை எழுதிய சீட்டைக் காணோம். மூன்று நாள் இணையம் இல்லை.

மதுரையிலிருந்து

தம்பிக்கு. "மீட்டமை" பிழையான சொல் அன்று. "மீட்டும்" என்றால் மறுபடியும் என்று பொருள். "மீட்டும் அமை" என்பதே குறுகி நிற்கிறது என்பது என் கருத்து. வீணை மீட்டுவதையும் பாருங்கள்: இழுத்த நரம்பு தன் பழைய இடத்துக்கே போய் நிற்கிறது. ரீசெட்டும் அதைத்தானே செய்கிறது! மீள், மீட்பு, மீட்சி என்று ஒரு குடும்பமே உண்டு. மீளியும் (பழந்தமிழில் வீரன்) அதில் சேருமா என்று தனி மடல் எழுதுகிறேன். தந்தையார் அவசரப்பட்டதற்குச் சொல் என்ன செய்யும்?

யாழ்ப்பாணத்திலிருந்து

ஐயா, நரம்பு திரும்பும், சரி. பயனர் பெயர் திரும்பவில்லையே. எங்களிடம் மீளாய்வு, மீள்குடியேற்றம் என்று "மீள்" நிறையப் புழங்குகிறது. ஆகவே ரீஸ்டார்ட்டுக்கு "மீள்தொடக்கம்" இயல்பாக வரும். ஆனால் ரீசெட்டை "மீளமைப்பு" என்று எழுதினால், இடிந்த வீட்டைத் திருப்பிக் கட்டுவதாகத்தான் எங்கள் சனம் எடுத்துக்கொள்ளும். மீள் என்று தொடங்கும் எந்தச் சொல்லிலும் நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே வேண்டியது பயம்.

கோவையிலிருந்து

"முதனிலை" என்று வைக்கலாம். முதனிலைத் தொழிற்பெயரில் விகுதி கெட்டுப் பகுதி மட்டும் நிற்கிறது அல்லவா? அதேபோல் நாம் சேர்த்த வைஃபை பெயர், கடவுச்சொல் எல்லாம் உதிர்ந்து கருவி மட்டும் நிற்கிறது. "முதனிலைப் பொத்தான்". இலக்கணத்திலேயே சொல் இருக்கும்போது வெளியே ஏன் அலைய வேண்டும்?

சென்னையிலிருந்து

அழகாக இருக்கிறது, ஆனால் ஒருவருக்கும் புரியாது. அச்சகத்தில் அதை "முதல்நிலை" என்று திருத்திவிடுவார்கள். படிப்பவர் போட்டித் தேர்வின் முதல்நிலைத் தேர்வு என்று நினைப்பார். பெட்டியின் மேல் ஆங்கிலத்தில் ரீசெட் என்று பொறித்திருக்கிறது. ஊசியைக் கையில் வைத்திருப்பவர் தேடுவது அந்த எழுத்தைத்தான். ரீசெட் என்றே போடுங்கள்.

கோவையிலிருந்து

அப்படியானால் திசைவி எதற்கு? பெட்டியில் அதுவும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது.

(இதற்குப் பின் வந்த பதினோரு மடல்கள் ர, ற பற்றியவை. ஒன்று மட்டும் மீளி பற்றியது.)

சேலத்திலிருந்து

வீடுவீடாகப் போய் இணைப்புக் கொடுக்கிறவன் நான், இலக்கணம் தெரியாது. வாடிக்கையாளரிடம் போனில் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பேன். மற்றதற்கு "அந்த ஓட்டையைத் தொடாதீங்க" என்பேன். தொட்டுவிட்டால் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் (பெரும்பாலும் 192.168.1.1) போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும். சில ஃபைபர் பெட்டிகளில் இணைப்புக்காக நாங்கள் போடும் விலான் எண்ணும் போய்விடும், நேரில்தான் போக வேண்டும். சொல்லிலேயே "அழி" என்று வந்தால் எனக்குப் பாதி அலைச்சல் குறையும்.

திருச்சியிலிருந்து, ஞாயிறு இரவு

சேலத்து அண்ணனுக்கு நன்றி. "அமைப்பழிப்பு" என்று ஒன்று செய்து பார்த்தேன், அப்பாவிடம் காட்டினேன். "ஏதோ அரசாங்கத்தைக் கவிழ்க்கிற மாதிரி இருக்கு" என்றார். ஆகவே கையேட்டில் ரீஸ்டார்ட்டுக்கு "மறுதொடக்கம்". ரீசெட்டுக்கு "முழு அழிப்பு"; முதல் இடத்தில் மட்டும் "ரீசெட் என்று எழுதிய துளை" என்று சேர்த்திருக்கிறேன். ஆதரவு நான்கு, எதிர்ப்பு இரண்டு. மற்றவர்கள் தூங்கப் போய்விட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

மதுரையிலிருந்து

என் மறுப்பைப் பதிவு செய்யவும். "மீட்டமை" மேல் சுமத்திய பழி நியாயமில்லை. அப்புறம், முடிந்துவிட்டது என்றீர்களே, திசைவி: "வி" வினையோடு சேரும் பிறவினை விகுதி. திசையோ பெயர்ச்சொல். பெயரோடு அது எப்படி ஒட்டியது?