அவசரம்: அந்தமானுக்கு எந்த ஐடி வேண்டும்? அப்பா பெயர் டிக்கெட்டில் வேறு மாதிரி இருக்கிறது

பொன்னி_கரூர்:
வணக்கம். சனிக்கிழமை குடும்பத்தோடு அந்தமான் போகிறோம். அப்பா பெயர் டிக்கெட்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று. அவரிடம் பாஸ்போர்ட் கிடையாது. கடல் தாண்டுவதால் பாஸ்போர்ட் இல்லாமல் விடமாட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்திவிட்டார்கள். குழந்தைக்கும் ஐடி எதுவும் இல்லை. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள் ப்ளீஸ்.

அலைகடல்:
கப்பலா, விமானமா? பெயரில் என்ன வித்தியாசம்? அதை அப்படியே எழுதுங்கள். குழந்தைக்கு என்ன வயது?

சேலம்_குமார்:
பாஸ்போர்ட் வேண்டாம், ஆனால் பெர்மிட் கட்டாயம். என் நண்பர் போலீஸ் சான்றிதழ் எல்லாம் வாங்கிக்கொண்டுதான் போனார். அது கைக்கு வர நாளாகும், இன்றைக்கே விண்ணப்பித்துவிடுங்கள்.

வழிப்போக்கன்:
குமார், நீங்கள் சொல்வது லட்சத்தீவு. அங்கேதான் 1967 விதிகளின்படி வெளியூர் இந்தியர்களுக்கும் நுழைவு அனுமதி வேண்டும். அந்தமானுக்கு அது கிடையாது. இதை இங்கே எத்தனையோ தடவை எழுதியாயிற்று. பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. சென்னை - போர்ட் பிளேர் உள்நாட்டு விமானம். ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பான், இவற்றில் ஒன்று இருந்தால் போதும்.

ரேவதி_மது:
அண்ணா, பதறிப்போய்க் கேட்கிறவரிடம் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லலாமே. பொன்னி, எந்தெந்தத் தீவுக்குப் போகிறீர்கள்? நிக்கோபார் பக்கம் என்றால் நமக்கும் பழங்குடிப் பகுதி பாஸ் வேண்டும். போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் என்றால் வேண்டாம். இன்னொன்று, 2018-லிருந்து ஹேவ்லாக்குக்கு ஸ்வராஜ் த்வீப் என்று பெயர். போர்ட் பிளேரும் 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. டிக்கெட்டில் அந்தப் பெயர்களைப் பார்த்தால் குழம்பாதீர்கள்.

பொன்னி_கரூர்:
விமானம்தான், சென்னையிலிருந்து. ஹேவ்லாக், பாராடாங் போகிறோம். டிக்கெட்டில் முருகேசன் கே, ஆதாரில் முருகேசன் கந்தசாமி. குழந்தைக்கு ஒன்றரை வயது. அத்தையும் வருகிறார், அவர் சிங்கப்பூர் பாஸ்போர்ட். அவருக்கும் இதேதானே?

அலைகடல்:
அத்தை விஷயத்தை முதலிலேயே சொல்லியிருக்கலாம்மா! அவருக்கு விசாவா, ஓசிஐ அட்டையா (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குக் கொடுப்பது)?

நாகை_செல்வம்:
அப்பா பெயரைப் பற்றிக் கவலை வேண்டாம். இனிஷியல் விரிந்து வருவது நம் ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிற தொல்லை. இருந்தாலும் இன்றைக்கே விமான நிறுவனத்துக்குப் போன் போட்டு ஆதாரில் உள்ளபடி மாற்றச் சொல்லுங்கள். வாசலில் நின்று விளக்கம் சொல்வதற்கு இது மேல். குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயதுக்குள் என்பதற்குச் செக்-இன் கவுண்டரில் அதைத்தான் கேட்பார்கள்.

வழிப்போக்கன்:
வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால் விதி வேறு. முன்பு எல்லா வெளிநாட்டவருக்கும் தடைசெய்யப்பட்ட பகுதி அனுமதி வேண்டியிருந்தது. 2018-ல் பல தீவுகளுக்கு அதைத் தளர்த்தினார்கள். பாகிஸ்தான், சீனா, ஆப்கானிஸ்தான் நாட்டவருக்குத் தளர்வு இல்லை. சிங்கப்பூருக்கு உண்டு. ஆனால் இறங்கியதும் விமான நிலையத்திலேயே பதிவு செய்ய வேண்டும். பாஸ்போர்ட், ஓசிஐ அல்லது விசா, ஹோட்டல் முன்பதிவு எல்லாம் கையில் இருக்கட்டும். பெட்டியில் போட்டுவிட வேண்டாம்.

சேலம்_குமார்:
எல்லாவற்றையும் போனில் அரசு டிஜிலாக்கர் செயலியில் வைத்துக்கொண்டால் போதுமே, எதற்குக் காகிதம்?

நாகை_செல்வம்:
அங்கே நெட்டை நம்பி டிஜிலாக்கர் என்று போகாதீர்கள்.

வழிப்போக்கன்:
அது பழைய கதை. சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. போர்ட் பிளேரில் இப்போது நன்றாகவே வேலை செய்கிறது.

நாகை_செல்வம்:
போர்ட் பிளேரில் சரி. பாராடாங் போகிற வழியில் ஜிர்காடாங்கிலிருந்து ஜாரவா பழங்குடி மக்களின் காப்பகம். வண்டிகள் எல்லாம் வரிசையாகச் சேர்ந்து கான்வாயில்தான் போக வேண்டும். அந்தச் சோதனைச் சாவடியில் விடிகாலை இருட்டில் படிவம் எழுதி ஐடி நகல் கொடுத்தோம். போனில் திறக்கிற ஆதாரை அங்கே யாரிடம் காட்டுவது? கேபிள் காட்டுக்குள் வராது.

வழிப்போக்கன்:
நான் காட்டைச் சொல்லவில்லை. விமான நிலையத்தில் டிஜிலாக்கரும் எம்-ஆதார் செயலியும் செல்லும். கேலரியில் உள்ள போட்டோ செல்லாது. வித்தியாசம் புரியாமல் இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

ரேவதி_மது:
இரண்டு பேரும் சொல்வது சரிதான், வேறு வேறு இடத்தைப் பற்றிச் சொல்கிறீர்கள். பொன்னி, ஆளுக்கு இரண்டு நகல் எடுத்துவிடுங்கள். பாராடாங்குக்கு அத்தை வருவதை டிராவல்ஸ்காரரிடம் தனியாகச் சொல்லுங்கள். அந்த வழியில் ஜாரவா மக்களைப் படம் எடுக்கவே கூடாது, தின்பண்டமும் கொடுக்கக் கூடாது. குழந்தை வைத்திருப்பவர்கள் அன்பில் நீட்டிவிடுகிறார்கள். அது குற்றம், அந்த மக்களுக்கும் கேடு.

அலைகடல்:
பொன்னி, ஓசிஐயா விசாவா என்று இன்னும் சொல்லவில்லையே?

பொன்னி_கரூர்:
ஓசிஐ. அப்பா பெயரைப் போனிலேயே மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். வாசலில் ஆதாரைப் பார்த்து விட்டுவிட்டார்கள். பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள், செல்வம் அண்ணாவுக்கு நன்றி. போர்டிங் கூப்பிடுகிறார்கள். அத்தை பதிவு பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

கிள்ளான்_வாசு:
பொன்னி, திரும்பி வந்தாயிற்றா? அத்தைக்கு அங்கே பதிவு செய்ய எவ்வளவு நேரம் ஆனது? நாங்களும் மலேசியப் பாஸ்போர்ட், டிசம்பரில் போகிறோம்.