அநுர வந்துட்டாரு, அப்பா ஊருக்குக் கிளம்புறேன்னு நிக்கிறாரு, இன்னா பண்றது?

பெயிண்டர்95:

எல்லாருக்கும் வணக்கம். வேலூர் மேல்மொணவூர் இலங்கை அகதிகள் முகாம்ல இருந்து எழுதுறேன், பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கதான், 95ல பிறந்தேன். பெயிண்டிங் வேலை. அப்பா அம்மா 90 ஜூன்ல யாழ்ப்பாணத்துல பலாலி பக்கத்துல இருக்கற வசாவிளான விட்டு ஓடி மன்னார் வந்து போட் ஏறி ராமேஸ்வரம், மண்டபம், அப்புறம் இங்க.

விஷயம் என்னன்னா 2024 செப்டம்பர்ல அநுர குமார திசாநாயக்க இலங்கை ஜனாதிபதியா வந்ததுல இருந்து அப்பா ஒரு மாதிரி இருந்தாரு, நியூஸ் கேக்குறது, போன்ல சொந்தக்காரங்ககிட்ட பேசுறது. அது பரவால்ல. இந்த நவம்பர் ஒண்ணாம் தேதி எங்க ஊர் பக்கம் ஆர்மி மூடி வச்சிருந்த பலாலி ரோட்ட 34 வருஷம் கழிச்சு திறந்து விட்டாங்கல்ல, அந்த வீடியோவ யூட்யூப்ல போட்டு குடுத்தேன், அதான் நான் செஞ்ச தப்பு. தினம் ராத்திரி அதையே போடச் சொல்றாரு, ஒரு இடத்துல நிறுத்தச் சொல்லிட்டு ஸ்கிரீன்ல விரல வச்சு "இஞ்சாலை திரும்பினா எங்கட ஒழுங்கை, அதுக்குப் பின்னாலதான் கிணத்தடி"ன்னு காட்டுறாரு, எனக்குத் தெரியறது எல்லாம் முள்ளுக்கம்பியும் செடியும்தான். போன வாரம் பாராளுமன்ற எலெக்ஷன்லயும் அநுர கூட்டணி 225ல 159 சீட் ஜெயிச்சு, யாழ்ப்பாணத்துலயே 6ல 3 அவங்களுக்குன்னு வந்ததும் முடிவே பண்ணிட்டாரு. "றோட்டைத் திறந்தவன் காணியையும் விடுவான்தானே"ங்கிறாரு.

எங்க முகாம்ல 2023 செப்டம்பர்லதான் புது வீடு குடுத்தாங்க, முதல்வரே வந்து திறந்து வச்சாரு, அதுக்கு முன்னாடி இருந்த வீட்டுல மழை பெஞ்சா கட்டில நகத்தி நகத்தி படுப்போம். இப்பதான் நல்ல தளம் போட்ட வீடு, அதுக்கு நானே என் கையால கலர் அடிச்சேன், இப்ப போய் கிளம்புன்றாரு. எனக்கு கல்யாணம் ஆகி ஒரு பொண்ணு, எல்கேஜி. அவ பேசுறது சுத்த வேலூர் தமிழ், "இன்னா தாத்தா"ன்னா அப்பாவுக்கு கோவம் வரும்.

நான் கேக்குறது இதுதான், அந்த ஆள நம்பி போலாமா? நான் இதுவரைக்கும் எந்த நாட்டுலயும் ஓட்டு போட்டது இல்ல, அதனால ஒரு தலைவர எப்படி நம்புறதுன்னே எனக்கு சரியா தெரியல. அங்க இருக்கறவங்க, போனவங்க யாராவது சொல்லுங்க.

சத்துவாச்சாரி குமார்:

தம்பி மேல்மொணவூரா, நம்ம பக்கத்துலதான் கீறேன். உங்க ஆளுங்கதான் எங்க வீட்டுக்கு பெயிண்ட் அடிச்சாங்க, சுத்தமான வேலை. அந்த அநுர பத்தி பேப்பர்ல படிச்சேன், 2019ல நின்னப்ப 3 பர்சன்ட் ஓட்டு, இப்ப 42, சும்மா இல்லபா. பெரிய குடும்பத்துக்காரனுங்களா ஆண்டு பாத்தாச்சு, ஒரு விவசாய கூலி வீட்டுப் புள்ள ஒருவாட்டி ஆளட்டுமேன்னு ஜனங்க நெனச்சிருப்பாங்க. ஆனா புதுசா வர்றவன் எல்லாரும் மொதல் ஆறு மாசம் நல்லவனாதான் தெரிவான், மாப்பிள்ளை மொத தீபாவளிக்கு வர்ற மாதிரி. கொஞ்சம் பொறுத்துப் பாரு.

அப்புறம் ஒண்ணு, கண்டியோட கடைசி ராஜா விக்கிரம ராஜசிங்கனயும் வெள்ளக்காரன் 1816ல நம்ம வேலூர் கோட்டைலதான் கொண்டாந்து அடைச்சு வச்சான், 1832ல இங்கயே செத்தாரு, பாலாத்தங்கரை முத்து மண்டபம் அவரோடதுதான். ஊர் திரும்பாத மொத சிலோன்காரர் அவரு.

கிளிநொச்சி அக்கா:

குமார் அண்ணா, கடைசி வரிய அவங்க அப்பாகிட்ட சொல்லிடாதீங்க 🙂

தம்பி, நானும் வடஆற்காடு பக்கம் முகாம்ல வளந்தவதான், 2016ல இங்க வந்துட்டம். அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன். 2015 ஜனவரில மைத்திரி ஜனாதிபதியா வந்தப்பவும் இதே மாதிரிதான் இருந்துச்சு, எங்க வீட்லயும் இதே பேச்சு, நல்லாட்சி வந்துட்டு காணி விடுறாங்கன்னு. கொஞ்சம் விட்டாங்க, இல்லைன்னு சொல்ல மாட்டேன், 2017ல மயிலிட்டி துறைமுகம் விட்டாங்க. அப்புறம் 2019ல கோத்தாபய, 2022ல பெட்ரோலுக்கு நாள் கணக்குல லைன், பால்மா இல்ல, அப்ப இங்கருந்து திரும்ப தனுஷ்கோடிக்கு போட்ல போனவங்களும் இருக்காங்க, என் பக்கத்து வீட்டுக்காரங்களே. ஒரே வாழ்க்கைல ரெண்டு தடவ அகதி. அதனால ஆள் யாருங்கறத வச்சு கிளம்பாத, பேப்பர் கைல இருக்கான்னு பாத்து கிளம்பு.

உனக்கும் உன் பொண்ணுக்கும் பிறப்பு சர்ட்டிபிகேட்ட சென்னைல இலங்கை துணைத் தூதரகத்துல பதிஞ்சு குடியுரிமை சர்ட்டிபிகேட் எடுத்தியா? அது இல்லாம இங்க வந்தா அடையாள அட்டைக்கு அலைஞ்சு செருப்பு தேயும், எனக்கு ஒரு ஆபீஸ்ல ஒன்றரை வருஷம் இழுத்தாங்க, ஃபார்ம் சிங்களத்துல, நான் தமிழ்ல நிரப்பிக் குடுத்தேன், திருப்பிட்டாங்க. காணிக்கு உறுதி, அதான் நிலப் பத்திரம், இருக்கான்னு அப்பாகிட்ட கேளு. ஓஃபர்னு ஈழ அகதிகளுக்கு உதவுற அமைப்பு இருக்கு, அங்க போய் கேட்டா என்னென்ன பேப்பர் வேணும்னு சொல்லிக் குடுப்பாங்க. நாங்க வந்தப்ப யுஎன்எச்சிஆர்ல, அதான் ஐநா அகதிகள் ஆபீஸ்ல, எழுதிக் குடுத்தா பிளைட் டிக்கெட் அவங்க போட்டாங்க.

ஆனா ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்க, போய்ப் பாத்துட்டு வரலாம்ங்கற கதையே கிடையாது. முகாம் பதிவ வெட்டிட்டுதான் அனுப்புவாங்க. நான் முதல் வருஷம் கடைல "இன்னா விலை"ன்னு கேட்டு எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க, "இந்தியாக்காரி"ன்னுதான் இப்பவும் எனக்குப் பேரு. அங்க சிலோன்காரி, இங்க இந்தியாக்காரி.

ஆனா சும்மா சொல்லக் கூடாது, இந்த தடவ எலெக்ஷன்ல நானும் போய் ஓட்டு போட்டேன், அநுர ஆளுங்க சின்னம் திசைகாட்டிக்குதான் போட்டேன். கைல மை வச்ச அன்னைக்கு ராத்திரி முழுக்க அதையே பாத்துட்டு இருந்தேன்.

பழைய தபால்காரன்:

தம்பி, நான் இப்ப திருச்சிப் பக்கம். எனக்கு எழுபது தாண்டியாச்சு. உங்கட அப்பாவுக்குச் சொல்லுங்கோ, அநுரவின்ர கட்சி ஜேவிபியை நான் மறக்கேல்லை. 71இல ஒரு கிளர்ச்சி, 87-89இல இன்னொண்டு, இந்திய இலங்கை ஒப்பந்தத்தை எதிர்த்துத்தான் அந்த ஆட்டம். வடக்கையும் கிழக்கையும் பிரிக்கச் சொல்லி கோட்டுக்குப் போய் 2006இல தீர்ப்பு வாங்கினதும் அவையள்தான். இப்ப "வளமான நாடு அழகான வாழ்க்கை" எண்டு தேர்தல் அறிக்கை போட்டு, பயங்கரவாதத் தடைச் சட்டத்தை எடுப்பம், புது அரசியலமைப்பு கொண்டு வருவம் எண்டு எழுதியிருக்கினம். 79இல வந்த சட்டம் அது, எடுக்கிறம் எண்டு சொன்ன ஆக்கள் எத்தனையோ பேர். பாராளுமன்றத்தில மூண்டில ரெண்டு கையில இருக்கு, இனி ஏலாது எண்டு சாட்டுச் சொல்ல வழியில்லை, செய்தா பாப்பம். முதல் மாகாண சபைத் தேர்தலை வைக்கட்டும்.

ஆனா உங்கட அப்பாவிட மனசு எனக்கு விளங்குது. அவர் அநுரவை நம்பேல்லை தம்பி, சாகிறதுக்கு முதல் போகோணும் எண்டு நினைக்கிறார், அதுக்கு ஒரு காரணம் கிடைச்சிருக்கு.

சத்துவாச்சாரி குமார்:

பெரியவர் சொன்னது மனசுல பட்டுச்சு. ராஜா கதைக்கு சாரி தம்பி, சும்மா வாய் வந்துடுச்சு. ஒரு டவுட், நீ இங்கதான பிறந்த, இங்க சிட்டிசன் ஆக முடியாதா? அந்த புது சட்டம் வந்துச்சே.

பெயிண்டர்95:

குமார் அண்ணே பரவால்ல. 2019 குடியுரிமை திருத்தச் சட்டத்துல பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான்தான், நாங்க லிஸ்ட்லயே இல்ல. 87 ஜூலை 1க்கு முன்னாடி இங்க பிறந்திருந்தா பிரஜை, நான் எட்டு வருஷம் லேட்டா பிறந்துட்டேன் என்ன பண்றது.

அக்கா, நீங்க சொன்னதுக்கு அப்புறம் உறுதி பத்தி அப்பாகிட்ட கேட்டேன். ஒண்ணும் பேசல, எழுந்து போய் டிரங்குப் பெட்டிய திறந்து அடில இருந்து ஒரு பாலித்தீன் கவர் எடுத்தாரு, உள்ள இன்னொரு கவர், அதுக்குள்ள அந்த பேப்பர். மடிச்ச இடமெல்லாம் கிழிஞ்சு செல்லோ டேப் ஒட்டி அதுவும் மஞ்சளாயிடுச்சு. நான் பிறந்ததுல இருந்து நாங்க ஒண்ணாவே இருந்தும் நான் அத பாத்ததே இல்ல. லேமினேட் பண்ணித் தரேன்னு சொன்னேன், கடைக்காரன்கிட்ட குடுக்க மாட்டேன்னுட்டாரு, அப்புறம் அவரே கூட வந்து மெஷின் பக்கத்துல நின்னு ஜெராக்ஸ் மட்டும் எடுத்துட்டு வந்தோம்.

பெரியவர் சொன்னத அப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். "அவர் எந்த ஊராம்"னு மட்டும் கேட்டாரு.

நான் இன்னும் போறதா இல்லையான்னு முடிவு பண்ணல, வீட்டுக்காரிக்கு சுத்தமா இஷ்டம் இல்ல. ஆனா திங்கக்கிழமை லீவு போட்டு பொண்ணு சர்ட்டிபிகேட்டையும் எடுத்துக்கிட்டு சென்னை போறேன், பேப்பராவது கைல இருக்கட்டும். அக்கா, காலைல எத்தன மணிக்கு போய் நிக்கணும்?

அப்புறம் அப்பா கேக்கச் சொன்னாரு, பாழடைஞ்ச கிணறு ஒண்ணு இறைச்சு துப்புரவு பண்ண அங்க இப்ப என்ன கூலின்னு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.