தளத்தின் முகவரியை மாற்றியதும் கூகுளில் பக்கங்கள் காணவில்லை, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஆறு வருடமாக மாடித்தோட்டம் பற்றி ஒரு வலைத்தளத்தில் எழுதி வருகிறேன். போன மாதம் அதன் முகவரியை மாற்றினேன். மாற்றிக் கொடுத்தவர் பழைய பக்கங்கள் எல்லாவற்றையும் புதிய தளத்தின் முகப்புக்கே திருப்பிவிட்டிருக்கிறார். மண்புழு உரம் பற்றித் தேடினால் முதல் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்த என் கட்டுரை இப்போது எங்கேயும் இல்லை. மனசே சரியில்லை.

நான் படித்தவரை, ஒவ்வொரு பழைய பக்கத்தையும் அதற்கு நேரான புதிய பக்கத்துக்கு 301 முறையில் (பக்கம் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று சொல்லும் முறை) திருப்ப வேண்டும். எல்லாவற்றையும் முகப்புக்கு அனுப்பினால், அந்தப் பக்கமே இல்லை என்று கூகுள் எடுத்துக்கொள்ளக்கூடும். அதனால் 140 கட்டுரைகளுக்கும் ஒவ்வொன்றாகச் சரிசெய்து வருகிறேன். திருப்பிவிடுவதைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கும்படி கூகுளே சொல்வதால் பழைய முகவரியின் பதிவையும் புதுப்பித்துவிட்டேன். தளம் வைத்திருப்பவர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் முகவரி மாற்றத்தை இன்னும் தெரிவிக்கவில்லை.

இதை அனுபவித்தவர்கள் சொல்லுங்கள்: ஒரு மாதம் கழித்துச் சரிசெய்தாலும் பழைய இடம் திரும்பக் கிடைக்குமா? உங்களுக்கு எத்தனை நாள் ஆனது? சர்ச் கன்சோலில் இப்போதே தெரிவிக்கலாமா, எல்லாப் பக்கமும் முடிந்த பிறகா? அப்புறம், என் கட்டுரைகளுக்கு இணைப்பு கொடுத்த மற்ற தளத்தாரிடமும் மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டுமா?