டம்ப் எடுப்பதற்கும் ரீஸ்டோர் போடுவதற்கும் தமிழில் என்ன சொல்?

அண்ணாச்சிக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம்.

தரவுத்தளத்தை ஒரு சர்வரில் டம்ப் எடுத்து (கோப்பாக எழுதி வாங்கி), இன்னொரு சர்வரில் ரீஸ்டோர் போடுவது (அந்தக் கோப்பிலிருந்து தளத்தை உண்டாக்குவது) எப்படி என்று சொல்லும் உதவிப் பக்கத்தின் தமிழாக்கத்தைப் படித்தேன். ‘ரீஸ்டோர்’ வரும் இடமெல்லாம் ‘மீட்டமை’ என்று போட்டிருக்கிறீர்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கடவுச்சொல்லை மறந்தவர் அழுத்தும் பொத்தானிலும் ‘மீட்டமை’தான் இருக்கிறது. போனை மொத்தமாகத் துடைத்துப் புதுசாக்குவதற்கும் பலர் அதைத்தான் எழுதுகிறார்கள். ராத்திரி நேரத்தில் சர்வர் முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கும் பையன் ‘தரவுத்தளத்தை மீட்டமை’ என்று படித்துவிட்டு, இருப்பது அழியுமா, போனது திரும்புமா என்று விழிக்கக் கூடாது.

‘மீட்டெடு’ பரவாயில்லை. ஆனால் எதையாவது இழந்தால்தான் மீட்க முடியும். அடகு நகையை மீட்கிறோம், கிணற்றில் விழுந்த ஆட்டை மீட்கிறோம். நம் பக்கம் சொல்லும் வேலையோ வேறு. ஒரு சர்வரில் தரவுத்தளம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது, அதே தளத்தை இன்னொரு சர்வரில் உண்டாக்க வேண்டும். எதுவும் தொலையவில்லை. ஆங்கிலம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஓட்டுகிறது என்பதற்காக நாமும் அப்படியே ஓட்ட வேண்டுமா?

சரி, முதலில் டம்பைப் பார்ப்போம். ‘கொட்டு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். குப்பைதான் நினைவுக்கு வருகிறது. டம்ப் எடுக்கும்போது உண்மையில் என்ன நடக்கிறது? வட்டில் கிடக்கும் கோப்புகளை அப்படியே பிரதி எடுப்பது ஒரு வழி. அது வேகமானது, ஆனால் முரண்டு பிடிக்கும்: போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 14-ஆம் பதிப்புக் கோப்புகளை 16-ஆம் பதிப்பின் கையில் கொடுத்தால் தொடங்கவே மறுத்துவிடும். டம்ப் அப்படியில்லை. அது தளத்தை ஒவ்வோர் அட்டவணையாகப் படித்து, ‘இப்படி ஓர் அட்டவணை செய், அதில் இந்த வரிகளைப் போடு’ என்று கட்டளைகளாக எழுதித் தருகிறது. முதல் வழிக்கு ‘நகல்’ என்ற சொல் போதும், ஜெராக்ஸ் கடையில் நாம் சொல்வதுதான். இரண்டாவதற்கு ‘படியெடு’ என்கிறேன். ஏடு பெயர்த்தவர்கள் செய்தது அதைத்தானே. பழைய ஓலையைப் படித்து, புது ஓலையில் எழுதினார்கள். சுந்தரர் வழக்கில் கிழவர் கொண்டுவந்த ஓலையைச் சுந்தரர் கிழித்துப் போட்டதும், ‘கிழித்தது படியோலை, மூலவோலை என்னிடம் இருக்கிறது’ என்று கிழவர் நின்றாரே, அந்தப் படி. (காப்புப் பிரதியின் அருமை தெரிந்த கிழவர்.) பத்திர ஆபீஸில் ‘மூலம்’ இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘படி’யை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

படியெடுப்பவர் பிழை விடுவார். டம்பிலும் அது உண்டு, அதனாலும் இந்தச் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு நூலகத்தின் பட்டியலைப் பழைய மைஎஸ்க்யூஎல்லில் (இதுவும் ஒரு தரவுத்தள மென்பொருள்) படியெடுத்துப் புது சர்வரில் போட்டார்கள். தமிழ் நூல் தலைப்புகள் இருந்த இடத்தில் வெறும் கேள்விக்குறிகள். ‘நெல்லை’ என்றிருந்த இடத்தில் ஆறு கேள்விக்குறி. ந, ஒற்றைக் கொம்பு, ல, புள்ளி, மறுபடி ல, ஐகாரக் கொம்பு என்று கணினி அதை ஆறாக எண்ணுகிறது. எல்லா மொழி எழுத்தையும் எழுதவல்ல யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 18 பைட். தமிழுக்கு இடமில்லாத லத்தீன்-1 குறியாக்கம் வழியாகப் போகும்போது ஆறும் ஆறு கேள்விக்குறியாகிவிட்டன. அந்தக் கோப்பிலிருந்து எந்தக் கொம்பனாலும் ‘நெல்லை’யைக் கொண்டுவர முடியாது.

இன்னொரு விதமாகவும் கெடும். தலையில் கோடு போட்ட சின்ன ‘ஏ’, பக்கத்திலேயே வட்டத்துக்குள் ‘ஆர்’ என்று வரிவரியாக வந்தால் பயப்பட வேண்டாம். தமிழ் எழுத்தின் மூன்று பைட்டுகளையும் தனித்தனி லத்தீன் எழுத்தாக வாசித்ததால் வந்த கோலம் அது. பெரும்பாலும் பைட்டுகள் சேதமில்லாமல் உள்ளே இருக்கும், திரும்ப மாற்றிவிடலாம். ‘மீட்டெடு’ என்ற சொல்லை இந்த மாதிரி வேலைக்கு வைத்துக்கொள்வோம்.

படியை வைத்து இன்னொரு சர்வரில் தளத்தை உண்டாக்குவதற்கு ‘எழுப்பு’. சுவர் எழுப்புகிறோம், வீடு எழுப்புகிறோம். ‘தரவுத்தளம்’ என்பதிலேயே தளம் இருக்கிறது, அதை எழுப்பலாமே. நடப்பதும் அதுதான்: முதலில் அட்டவணைகள், அப்புறம் வரிகள், போஸ்ட்கிரெஸில் அதற்கும் அப்புறம் சுட்டுவரிசைகள் (வரிகளைச் சீக்கிரம் தேட உதவும் ‘இண்டெக்ஸ்’). பெரிய தளத்தில் படியெடுக்க ஆகும் நேரத்தைவிட எழுப்ப ஆகும் நேரம் கூடுவது இந்தச் சுட்டுவரிசைகளால்தான். ‘படியேற்று’ என்றும் யோசித்தேன், மாடிப்படி ஏறுவது போலக் கேட்கிறது.

பாளையங்கோட்டை

•

தம்பிக்கு,

மீட்டமையை வாபஸ் வாங்கிக்கொண்டேன். கடவுச்சொல் பொத்தான் எனக்குத் தோன்றவே இல்லை.

‘படி’யில் ஒரு சங்கடம் உண்டு. பஞ்சப்படி, பயணப்படி, மாடிப்படி, நெல் அளக்கிற படி என்று அதற்கு ஏற்கெனவே சுமை ஜாஸ்தி. ஆனாலும் ‘படியெடு’ என்று வினையாக வரும்போது குழப்பம் இல்லை. கல்வெட்டுக்காரர்களும் ‘படியெடுத்தோம்’ என்றுதான் சொல்லுகிறார்கள். ஒப்புக்கொள்ளுகிறேன்.

‘எழுப்பு’தான் மனசில் ஒட்டவில்லை. தூங்குகிறவனை எழுப்புவது மாதிரி இருக்கிறது. சர்வர் படுத்துவிட்டால் ‘எழுப்பியாச்சா?’ என்று இப்போதே கேட்கிறார்களே, அது வெறும் ரீஸ்டார்ட்தானே! நான் ‘நடுகை’ என்று சொல்லுவேன். பிசானப் பருவத்து நெல் நடுகைக்கு முன்னால் வயலை உழுது தொளி (சேறு) அடித்துப் போட வேண்டும். இதுவும் அப்படித்தான். புது சர்வரில் பதிப்பு சரியா, எழுத்துக்குறியாக்கம் சரியா, பயனர் கணக்குகள் இருக்கின்றனவா என்று பார்க்காமல் படியைக் கொண்டு இறக்கினால் பாதியில் நிற்கும். போஸ்ட்கிரெஸில் ஒரு தளத்தை மட்டும் டம்ப் எடுத்தால் பயனர் கணக்குகள் அதில் வராது, அதற்குத் தனியாக எடுக்க வேண்டும் என்பதை அந்தப் பக்கத்திலேயே எழுத வேண்டும். ‘நடுகை’ என்றால் வயலைத் தயார் செய்ய வேண்டும் என்பது சொல்லிலேயே வந்துவிடும்.

நம் ஊரில் கலைச்சொல் சண்டை புதுசில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1930-களில் நெல்லையில் இருந்துகொண்டே இ. மு. சுப்பிரமணிய பிள்ளை கலைச்சொல் தொகுத்தார். அவரும் கூட இருந்தவர்களும் இப்படித்தான் ஒவ்வொரு சொல்லுக்கும் மல்லுக்கட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அம்பாசமுத்திரம்

•

அண்ணாச்சி,

நடுகை அழகான சொல். ஆனால் நாற்றைப் பறித்தபின் நாற்றங்காலில் என்ன மிஞ்சும்? நம் வேலையில் மூலத்தளம் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய சர்வரை மூடிவிட்டு எல்லாவற்றையும் புதியதற்குக் கொண்டுபோகிறோமே, மைக்ரேஷன், நடுகை அதற்குத்தான் கச்சிதம். அங்கே இப்போது ‘இடம்பெயர்ப்பு’ என்று இருக்கிறது, அகதிகள் முகாம் ஞாபகம் வருகிறது. அதை எடுத்துவிட்டு உங்கள் நடுகையைப் போடலாம்.

‘எழுப்பு’ பற்றி நீங்கள் சொன்னது நியாயம். தனியாக நின்றால் ரீஸ்டார்ட் போலத்தான் தொனிக்கும். அதனால் எப்போதும் ‘படியிலிருந்து எழுப்பு’ என்று முழுசாகவே எழுதலாம். பொத்தானில் இடம் போதும், பார்த்துவிட்டேன்.

பக்கத்தின் முதல் பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன் (சேவையகம் என்பது சர்வர், இன்னோடிபி என்பது மைஎஸ்க்யூஎல் அட்டவணைகளைச் சேமிக்கும் ஒரு முறை, யூடிஎஃப்-8 எம்பி4 என்பது மைஎஸ்க்யூஎல்லில் முழு யூடிஎஃப்-8-க்கு உள்ள பெயர்):

‘மூலச் சேவையகத்தில் தளத்தைப் படியெடுக்கவும். இன்னோடிபி அட்டவணைகளாக இருந்தால் ஒரே பரிவர்த்தனையில் படியெடுக்கும் விருப்பத்தைச் சேர்க்கவும். அப்படிச் செய்தால், படியெடுக்கும்போது யாராவது தரவை மாற்றினாலும், தொடங்கிய நேரத்து நிலையே படியில் இருக்கும். எழுத்துக்குறியாக்கம் யூடிஎஃப்-8 எம்பி4 என்று கட்டளையிலேயே குறிப்பிடவும். புதிய சேவையகத்தில் வெற்றுத் தளம் ஒன்றை உருவாக்கி, பயனர் கணக்குகளைச் சேர்த்தபின், படியிலிருந்து எழுப்பவும். எழுப்பி முடித்ததும் தமிழ் உள்ள ஓர் அட்டவணையைத் திறந்து பார்க்கவும்.’

மைஎஸ்க்யூஎல் 8-இல் எடுத்த படியை, மைஎஸ்க்யூஎல்லிலிருந்து கிளைத்த மரியாடிபியின் பழைய பதிப்பில் எழுப்பினால், இந்த ‘கொலேஷன்’ தெரியாது என்று நின்றுவிடும். அதற்கும் ஒரு பத்தி எழுத வேண்டும். ‘கொலேஷன்’ எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி. ‘அகரவரிசை’ என்று போட்டால், பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றா வேறா என்று பார்ப்பது அதில் அடங்கவில்லை. ‘ஒப்புவரிசை’ சரிப்படுமா? நீங்களும் மற்றவர்களும் சொல்லுங்கள், அதுவரை கொலேஷன் என்றே விட்டுவைக்கிறேன்.

பாளையங்கோட்டை