மட்டப்பாவுக்கு வாங்கிய சுண்ணாம்பு கொதிக்கவில்லை

சேரன்மகாதேவிக்காரன்:
பாட்டி வீட்டு மட்டப்பா (மொட்டைமாடித் தளம்) ஒழுகுகிறது. பழையபடி சுண்ணாம்புச் சாந்திலேயே பூசிவிடலாம் என்றார் கொத்தனார். சுட்ட சுண்ணாம்பு என்று கேட்டு ஒரு மூட்டை வாங்கினேன். தொட்டித் தண்ணீரில் போட்டால் ஆவியும் இல்லை, சூடும் இல்லை. எலுமிச்சைச் சாறு விட்டால் மட்டும் புசுபுசுவென்று நுரைக்கிறது. நுரைத்தால் நல்ல சரக்கு என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

வீரவநல்லூர்:
கொஞ்சம் சிமெண்ட் கலந்து பூசிவிடுங்கள் அண்ணாச்சி, எதற்கு வம்பு?

பாளை வாத்தியார் (ஓய்வு):
கடைக்காரர் தலைகீழாகச் சொல்கிறார். அமிலம் பட்டு நுரைப்பது கால்சியம் கார்பனேட், அதாவது சுடாத கல். தாழையூத்தில் 1949 முதல் சிமெண்ட் ஆலைக்கு வெட்டுகிறார்களே, அந்தச் சுண்ணாம்புக்கல்லிலும் இதுதான் முக்கியச் சரக்கு.

காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரியில் சுட்டால் 100 கிலோ சுத்தமான கல்லிலிருந்து 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும். மிஞ்சுவது 56 கிலோ கால்சியம் ஆக்சைடு. அது 18 கிலோ தண்ணீரைக் குடித்து 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு ஆகும். ஆவி பறக்கும் கொதிப்பு அப்போது வருவதுதான். அதைப் பூசிய பிறகு காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்து மறுபடி கல்லாக இறுகும். சுவரில் நடக்கவேண்டிய இந்த வேலை உங்களுக்குச் சாக்கிலேயே முடிந்துவிட்டது. வாய் திறந்து கிடந்த பழைய மூட்டையாக இருக்கும், அல்லது வெறும் கல்மாவு. இரண்டுமே ஒட்டாது. சிமெண்ட் கலந்தால் ஒட்டுவது சிமெண்ட்தான், சுண்ணாம்பு இல்லை.

பனையேறிகளிடம் இந்தச் சரக்கு செல்லாது. கலயத்தில் தடவும் சுண்ணாம்புக்குக் காரம் இருந்தால்தான் புளிக்கவைக்கும் நுரைமம் (ஈஸ்ட்) அடங்கிப் பதநீர் பதநீராக இறங்கும். கல்மாவைத் தடவினால் கள்தான் இறங்கும்!

சேரன்மகாதேவிக்காரன்:
நன்றி ஐயா. புதிதாக வாங்கும்போது எதைப் பார்க்கவேண்டும்? இந்த மூட்டையை என்ன செய்வது?

பாளை வாத்தியார் (ஓய்வு):
தூளாக வாங்கவேண்டாம், கட்டியாக வாங்குங்கள். தூத்துக்குடிப் பக்கத்துக் கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் இன்னும் நல்லது. கடையிலேயே ஒரு கட்டியைத் தண்ணீரில் போடச் சொல்லுங்கள்; சீறிப் பிளந்து பொடியவேண்டும். வேகாத நடுக்கல் இருந்தால் உடையாமல் நிற்கும், அதைப் பொறுக்கி எறியுங்கள். தொட்டித் தண்ணீரில் கட்டியைச் சிறிது சிறிதாகப் போடவேண்டும். குவியலின் மேல் தண்ணீர் ஊற்றினால் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் கொத்தனாரைப் பக்கத்தில் விடாதீர்கள். நீற்றியதன் மேல் எப்போதும் தண்ணீர் நிற்கட்டும். காற்றுப் படாதவரை மாதக்கணக்கில் கெடாது.

பழைய மூட்டையைத் தரை போடும்போது மணலோடு சேர்த்துக் கொட்டிவிடுங்கள். தோட்டம் கரிசல் மண் என்றால் அங்கே போடவேண்டாம், அதில் ஏற்கெனவே சுண்ணாம்பு உண்டு.