தார் பாலைவனத்தில் ஓணான் கணக்கெடுப்பு: நடந்து எண்ணுவதா, வளையை எண்ணுவதா?

ஆய்வு_மாணவன்:
முதுகலை ஆய்வுக்கு ஜெய்சல்மேர் பக்கம் போகிறேன். முள்வால் ஓணான் (அங்கே சாண்டா என்பார்கள்) எங்கெல்லாம் இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். லோங்கேவாலாவின் தேரைத்தலை ஓணானையும் சேர்க்க ஆசை. நேர்கோட்டில் நடந்து கண்ணில் படுவதை எண்ணினால் போதுமா, இல்லை வளைகளை எண்ண வேண்டுமா?

ஊர்வன_பித்தன்:
தம்பி, இரண்டையும் ஒரே முறையில் எண்ண நினைக்காதே. சாண்டா கெட்டித் தரையில் வளை தோண்டி, செடிகொடி தின்று வாழ்வது. மற்றது இளகிய மணல்மேட்டில் இருப்பது, ஆபத்து என்றால் உடம்பை ஆட்டி அப்படியே மணலுக்குள் புதைந்துவிடும். நடந்து எண்ணி, ஒவ்வொன்றும் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது என்று அளந்து அடர்த்தி கணக்கிடும் முறைக்கு அடிப்படையே, கோட்டின் மேல் இருக்கும் எதுவும் கண்ணுக்குத் தப்பக்கூடாது என்பதுதான். காலடியில் புதைந்து கிடப்பதை எப்படிப் பார்ப்பாய்?

மேற்கு_மணல்:
சாண்டாவுக்கு வளைதான் என் ஓட்டு. பெரும்பாலும் ஒரு வளைக்கு ஒன்றுதான், குட்டிகள் கொஞ்ச காலம் தாயோடு இருக்கும். ஆனால் கைவிட்ட பழைய வளைகளும் அங்கேயே கிடக்கும், புதுக் காலடித் தடம், புழுக்கை, வால் இழுத்த கோடு இதெல்லாம் பார்த்துப் பிரிக்காவிட்டால் எண்ணிக்கை ஊதிவிடும். குளிர்காலத்தில் வளையின் வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு உள்ளேயே கிடக்கும், அப்போது போய் “இங்கே இல்லை” என்று எழுதிவிடாதீர்கள்.

ஆய்வு_மாணவன்:
சரி. குழிப்பொறி (தரையில் புதைக்கும் வாளி, விழுந்தது ஏற முடியாது) வைக்கலாமா? தினமும் ஒரே நேரத்தில் போனால் போதுமா?

ஊர்வன_பித்தன்:
குழிப்பொறி சின்னப் பல்லி, அரணைகளுக்கு உதவும், பெரிய சாண்டாவுக்கு வேண்டாம். வைத்தால் வெயில் ஏறுமுன் திறந்து பார்த்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் உள்ளேயே செத்துவிடும். நேரத்தை ஒன்றாக வைத்தால் மட்டும் போதாது, தரை வெப்பத்தையும் குறித்துக்கொள். கோடையில் நடுப்பகலில் பலதும் ஒதுங்கிவிடும், அந்த நேரத்தில் குறைவாகத் தெரிந்தால் அது வெயிலின் கணக்கு, ஓணானின் கணக்கு இல்லை. பரவலை அறிய ஒரே இடத்துக்குப் பலமுறை போ. எத்தனை முறையில் கண்டாய், எத்தனையில் காணவில்லை என்பதிலிருந்துதான் தப்பவிடும் வாய்ப்பைக் கணக்கிட முடியும். இடங்களைச் சாலையோரமாகப் பொறுக்காதே, எல்லாரும் செய்கிற வேலை அது.

மேற்கு_மணல்:
வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் கையால் தொடாதீர்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட இனம். அப்புறம் வளைகள் இருக்கும் இடத்தைத் துல்லியமாக இணையத்தில் போட வேண்டாம், சாண்டாவின் கொழுப்பு எண்ணெய்க்காக வேட்டையாடுபவர்களும் இதையெல்லாம் படிக்கிறார்கள்.